இரண்டடி தூரம்

மார்ச் 4

மச்சினனுக்கு,

இது சமாதானம் பேச எழுதும் கடிதம் இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கோல்ஃப் பயிற்சியாளர் என்ற முறையில் உங்களிடம் ஒரு விஷயம் கேட்க வேண்டியிருக்கிறது. எனக்குத் தெரிந்த ஒரே பயிற்சியாளர் நீங்கள்தான். வேறு யாராவது இருந்திருந்தால் அவருக்கு எழுதியிருப்பேன்.

ஆறு வாரத்துக்கு முன் உங்கள் கிளப்பில் நடந்த ஜோடிப் போட்டியில், கடைசிக் குழியில், இரண்டடி தூரத்திலிருந்த பந்தை நான் தவறவிட்டேன். அது உள்ளே போயிருந்தால் நாம் ஜெயித்திருப்போம். அதற்குப் பிறகு நாற்பது பேர் முன்னால் நீங்கள் சொன்னது எனக்கு வார்த்தை பிசகாமல் ஞாபகம் இருக்கிறது. "இந்தக் கையை வெச்சுக்கிட்டுதான் எங்க அத்தான் பல்லு புடுங்கறார். இனிமே எல்லாரும் வாயை மூடிக்கிட்டே இருங்க." எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். உங்கள் அக்கா மட்டும் சிரிக்கவில்லை.

கேள்விக்கு வருகிறேன். பந்து குழியிலிருந்து மூன்றடிக்குள் இருந்தால், மட்டை பந்தைத் தொடும் நொடியில் என் வலது மணிக்கட்டு வெட்டுகிறது. பந்து இல்லாமல் வீசினால் ஒன்றும் இல்லை. பத்தடி தூரத்திலிருந்து அடித்தாலும் ஒன்றும் இல்லை. மதிய இடைவேளையில் கிளினிக் கதவைச் சாத்திவிட்டு, நோயாளிகள் காத்திருக்கும் அறையின் கம்பளத்தில் ஒரு காகிதக் கோப்பையைச் சாய்த்து வைத்து அடித்துப் பார்த்தேன். காகிதக் கோப்பைக்குள் போட்டால் யாரும் எனக்கு வெற்றிக் கோப்பை தரப்போவதில்லை. அப்படியும் வெட்டுகிறது.

மணிக்கட்டு எந்த நிலையில் இருக்க வேண்டும், வீச்சு எங்கிருந்து வர வேண்டும் என்று எழுதுங்கள். போன் வேண்டாம். போனில் எனக்குக் கோபம் முந்திக்கொள்ளும். பதிலைக் கிளினிக் முகவரிக்கு அனுப்புங்கள். உங்கள் அக்காவுக்கு இது தெரிய வேண்டியதில்லை.

இப்படிக்கு,
பல் மருத்துவர்


மார்ச் 10

அன்புள்ள அத்தானுக்கு,

'நீங்கள்'னு எழுதியிருக்கீங்க. கீழே 'பல் மருத்துவர்'னு கையெழுத்து வேற. பத்தொன்பது வருஷமா எனக்கு நீங்க வெச்ச பேரு 'டேய்'தானே. கவரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன், வேற யாருக்காவது வந்த கடிதம் தப்பி வந்துடுச்சோன்னு.

ஏதோ விளையாட்டுக்குச் சொன்னது, அத்தான். இவ்வளவு தூரம் போகும்னு நினைக்கலை. தப்புன்னா தப்புதான், விட்டுடுங்க. அக்காவுக்கு வாரம் ரெண்டு தடவை போன் போடறேன். அடிக்குது, எடுக்க மாட்டேங்கிறா.

சரி, கேட்டதுக்கு வரேன். இடது மணிக்கட்டோட புறம் தட்டையா இருக்கணும், மாவுக்கட்டு போட்டு வெச்ச மாதிரி. மட்டை பின்னால போறப்பவும் சரி, பந்தைத் தாண்டி முன்னால போறப்பவும் சரி, அது மடங்கவே கூடாது. வலது மணிக்கட்டு லேசா பின்பக்கம் மடிஞ்சிருக்கும். அந்த மடிப்பு ஆரம்பத்துல எவ்வளவோ, கடைசி வரைக்கும் அவ்வளவே. வீச்சு தோள்லேர்ந்து வரணும். ரெண்டு தோளும் ரெண்டு கையும் சேர்ந்து ஒரு முக்கோணம்னு வெச்சுக்குங்க. ஆடினா முக்கோணம் முழுசா ஆடணும். உங்களுக்கு என்ன ஆகுதுன்னா, பந்துகிட்ட வந்ததும் தோள் நின்னுடுது, கை மட்டும் தனியாப் பாயுது.

நாக்கை அமுக்கிப் பார்க்கிற மரக்குச்சி உங்ககிட்ட கட்டுக்கட்டா இருக்குமே. ஒண்ணை எடுத்து இடது கை வாட்ச் பட்டைக்குள்ள செருகிக்குங்க, பாதி புறங்கைமேல படற மாதிரி. மணிக்கட்டு மடங்கினா குச்சி குத்தும். அதைவிடக் கறாரான வாத்தியார் கிடையாது.

பிடிக்கிற அழுத்தம், நீங்க வாய்க்குள்ள விடற சின்னக் கண்ணாடியை எவ்வளவு மெதுவாப் பிடிப்பீங்களோ, அவ்வளவுதான். தினம் பந்து இல்லாம ஐம்பது, பந்தோட ஐம்பது. ரெண்டு வாரத்துல சரியாயிடும்.

உங்க,
டேய்


மார்ச் 19

மச்சினனுக்கு,

சொன்னபடி செய்தேன். பந்து இல்லாமல் ஐம்பதுக்கு ஐம்பது, குச்சி ஒரு முறைகூடக் குத்தவில்லை. பந்தை வைத்ததும் ஏழாவது வீச்சில் குச்சி ஒடிந்தது. எட்டு நாளில் பதினொரு குச்சி. இந்த மட்டைக்குப் 'பட்டர்' என்று பெயர் வைத்தவரை நான் பார்க்க வேண்டும். வரவேற்பில் இருக்கும் பெண், "டாக்டர் தினம் மதியம் பட்டரோட உள்ள போய்க் கதவைச் சாத்திக்கிறார்" என்று உங்கள் அக்காவிடம் போனில் சொல்லிவிட்டாள். எனக்குக் கொழுப்பு ஏறிவிட்டது என்று முடிவாகி, நான்கு நாளாகக் காய்ந்த ரொட்டிதான்.

இதோடு கடிதத்தை முடித்து அனுப்பியிருக்கலாம். முடித்து ஒட்டியும் விட்டேன். பிறகு பிரித்துவிட்டேன். உண்மையான காரணத்தைச் சொல்லாமல் வைத்தியம் கேட்பவர்களை நானே திட்டுகிறவன்.

எனக்குக் கோல்ஃப் பெரிதில்லை. செவ்வாய்க்கிழமை ஒரு பஸ் டிரைவர் வந்தார். கீழ்த்தாடையில் கடைவாய்ப்பல், எடுக்க வேண்டியது. மரத்துப்போக ஊசி போட வேண்டும். அந்த ஊசி எலும்புக்கும் தசைக்கும் நடுவே ஒரு குறிப்பிட்ட இடத்துக்குப் போக வேண்டும். இருபத்திரண்டு வருடத்தில் ஆயிரக்கணக்கில் போட்டிருக்கிறேன். ஊசியை வாய்க்கருகே கொண்டுபோனேன். கை ஆடவில்லை. ஆடிவிடும் என்று நினைத்தேன். அவ்வளவுதான். ஊசியைத் தட்டில் வைத்துவிட்டுக் கை கழுவப் போனேன். திரும்பி வந்து மறுபடி கை கழுவப் போனேன். கடைசியில் மாத்திரை எழுதிக் கொடுத்து, இரண்டு வாரம் கழித்து வரச் சொன்னேன். அவர் வாயைத் திறந்தபடியே தலையாட்டிவிட்டுப் போனார். அன்றிலிருந்து இன்னும் மூன்று பேரை என்னிடம் வேலை பார்க்கும் இளைய டாக்டரிடம் தள்ளிவிட்டேன்.

நரம்பு டாக்டராக இருக்கும் என் பழைய வகுப்புத் தோழனிடம் போய்க் காட்டினேன். ஒரு மணி நேரம் சோதித்துவிட்டு, "உன் நரம்பு என் நரம்பைவிட நல்லாருக்கு, போய்த் தூங்கு" என்றான்.

நீங்கள் சொன்னது ஊரில் பரவிவிட்டது. மருந்துக் கடைக்காரர் பார்க்கும்போதெல்லாம், "கை எப்படி இருக்கு டாக்டர்?" என்கிறார். நல்ல மனிதர், சும்மாதான் கேட்கிறார். ஒவ்வொரு முறையும் நான் கையைப் பார்த்துக்கொள்கிறேன். உங்கள் அக்காவிடம் எதையும் சொல்லவில்லை.

விளையாட்டுக்குச் சொன்னது என்று எழுதியிருந்தீர்கள். இருக்கலாம்.

பல் மருத்துவர்


மார்ச் 25

அத்தான்,

நாலு தடவை எழுதிக் கிழிச்சுட்டேன். இது அஞ்சாவது. இதையும் கிழிக்கிறதுக்குள்ள தபால்ல போட்டுடணும்.

பதினொரு வருஷத்துக்கு முன்னாடி நான் ஆட்டத்தை விட்டேனே, முதுகுவலின்னு. முதுகுவலி இல்லை. முதுகு கல்லு மாதிரி இருக்கு.

பெரிய போட்டித் தொடருக்கு ஆள் எடுக்கிற தேர்வு. நாலு நாள் ஆட்டம். கடைசி நாள், கடைசி குழி, ரெண்டடி. போட்டிருந்தா தொடருக்குள்ள போயிருப்பேன். மட்டை பந்தைத் தொடற நேரத்துல வலது மணிக்கட்டு தன்னால வெட்டுச்சு. பந்து குழியைச் சுத்திட்டுக்கூடப் போகலை, குழி இருக்கிற பக்கமே போகலை. அடுத்த வாரம் ஒரு சின்னப் போட்டியில மறுபடியும். அப்புறம் தினமும். ஆட்டக்காரங்க மத்தியில இதுக்கு 'யிப்ஸ்'னு ஒரு பேரு உண்டு. ஆனா யாரும் வாயைத் திறந்து சொல்ல மாட்டாங்க, சொன்னா ஒட்டிக்கும்னு பயம். எட்டு மாசம் ராப்பகலா பழகினேன். பழகப் பழக நல்லா வெட்டக் கத்துக்கிட்டேன். அப்புறம் முதுகுவலி வந்துடுச்சு.

பயிற்சியாளரா இத்தனை வருஷத்துல மாணவங்க முன்னாடி ஒரு குட்டை அடிகூட நான் அடிச்சுக் காட்டினது கிடையாது. வாயாலதான் பாடம். "நான் அடிச்சா நீங்க எப்பக் கத்துக்கறது"ன்னு சொல்லிச் சமாளிப்பேன். நல்ல வாத்தியார்னு பேரு.

ஜோடிப் போட்டியில ஒரே பந்தை மாத்தி மாத்தி அடிக்கணும். தூரத்துலேர்ந்து என் முறை வந்தப்பல்லாம், வேணும்னே குழிக்கு ரெண்டடி தள்ளி நிறுத்தினேன், மிச்சத்தை நீங்க தட்டிவிடற மாதிரி. அத்தானுக்கு விட்டுக்கொடுக்கிறான்னு பார்த்தவங்க பாராட்டினாங்க. கடைசி குழியில உங்க கை வெட்டினப்ப நான் பக்கத்துலயே நின்னேன். அது என் கை, அத்தான். அப்படியே என் கை. எல்லாரும் அதைப் பார்த்தாங்க. அடுத்தது என்னைப் பார்ப்பாங்கன்னு தோணுச்சு. அவங்க பார்க்கிறதுக்குள்ள சிரிக்க வெச்சுட்டேன். உங்க கையைக் காட்டி என் கையை மறைச்சேன். விளையாட்டுக்குச் சொன்னதுன்னு எழுதினது பொய்.

மன்னிச்சுக்குங்க. இதை முதல் கடிதத்துலயே எழுதியிருக்கணும்.

குச்சி வைத்தியம் தப்பு. அது மணிக்கட்டு தெரியாம மடங்கறவங்களுக்கு. உங்களுக்கு அது தெரிஞ்சே இருக்கு, அதுதான் தொல்லை. மணிக்கட்டையே பார்த்துக்கிட்டிருந்தா அது இன்னும் மோசமாகும். வேற ஒண்ணு சொல்றேன். இடது கை எப்பவும் போல மேல பிடிக்கட்டும். வலது உள்ளங்கை மட்டைல படவே வேணாம். பேனா பிடிக்கிற மாதிரி கட்டைவிரலுக்கும் ரெண்டு விரலுக்கும் நடுவுல சும்மா வைங்க. அந்தப் பிடியில வலது மணிக்கட்டால வெட்ட முடியாது, அதுக்கு வேலையே இல்லை. கண்ணு பந்து மேல வேணாம், குழியோட விளிம்பைப் பார்த்து அடிங்க.

என் மாணவங்க நாலு பேருக்கு இது பலிச்சிருக்கு. நான் அடிச்சுப் பார்த்ததில்லை. தைரியம் இல்லை.

அந்த டிரைவர் திரும்ப வந்தாரா?


ஏப்ரல் 4

மாப்பிள்ளை,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு மேஜை டிராயரில் போட்டுப் பூட்டினேன். மூன்று நாள் அந்த டிராயரைத் திறக்கவில்லை. உன்மேல் வந்த கோபம் எந்த அளவு என்று சொன்னால் நீ நம்பமாட்டாய். நாலாம் நாள் எடுத்து மறுபடி படித்தேன். படித்ததும் 'நீங்கள்' போய்விட்டது. முழுசாகச் சமாதானம் ஆகிவிட்டேன் என்று நினைக்காதே.

பேனாப் பிடி என்று நீ எழுதியதைப் பார்த்துச் சிரித்துவிட்டேன். நாங்கள் கருவிகளைப் பிடிப்பதே அப்படித்தான். கல்லூரியில் முதல் மாதம் சொல்லிக்கொடுத்தது. பட்டரை அப்படிப் பிடித்ததும், இத்தனை நாள் யாரோ ஒருவனின் கையை வைத்துக்கொண்டு விளையாடியது போல் இருந்தது. காகிதக் கோப்பைக்கு இருபது பந்து. பதினேழு உள்ளே. வெட்டு ஒரு முறைதான், அதுவும் வரவேற்புப் பெண் கதவைத் தட்டியதால்.

டிரைவர் வந்தார். நாற்காலியில் உட்கார்ந்ததும், "இன்னிக்காவது எடுத்துடுவீங்களா டாக்டர், லீவு இதோட தீர்ந்துடும்" என்றார். இளைய டாக்டர் கதவருகில் நின்றாள். அவளிடம் கொடுத்திருக்கலாம். ஊசியை எடுத்தேன். அப்போதுதான் ஒன்றைக் கவனித்தேன். வாய்க்குள் வேலை செய்யும்போது எங்கள் கை ஒருபோதும் அந்தரத்தில் இருக்காது. இடது கை கன்னத்தை விலக்கிப் பிடித்திருக்கும். வலது கையின் சுண்டு விரல் நோயாளியின் தாடையில் ஊன்றியிருக்கும். அவர் அசைந்தால் என் கையும் கூடவே அசையும். இருபத்திரண்டு வருடமாக அந்த விரல் அங்கே ஊன்றிக்கொண்டிருந்திருக்கிறது, எனக்கே தெரியாமல். குழியைச் சுற்றிய உன் புல்தரையில்தான் கைக்கு ஊன்ற இடமே இல்லை.

விரலை ஊன்றினேன். அவருடைய தாடை நன்றாக நடுங்கிக்கொண்டிருந்தது. என் கை அதோடு சேர்ந்து போய் வந்தது. ஊசி போனது. பத்து நிமிடம் கழித்துப் பல்லும் வந்துவிட்டது. அவர் கொஞ்ச நேரம் விழித்துவிட்டு, "முடிஞ்சுதா? நான் இன்னும் பயப்பட ஆரம்பிக்கவே இல்லையே" என்றார்.

இனி உன் விஷயம். உன்னை மன்னிப்பதில் எனக்கு ஒரு சிக்கல் இருக்கிறது, அது என்னைப் பற்றியதில்லை. உன் முதுகு போனதற்குக் காரணம் தான்தான் என்று உன் அக்கா பதினொரு வருடமாக நினைத்துக்கொண்டிருக்கிறாள். நாங்கள் இந்த வீட்டுக்கு மாறிய அன்று அந்தத் தேக்கு அலமாரியை மாடிக்கு ஏற்ற உன்னைக் கூப்பிட்டாளே, அதனால்தான் என்று. என்னிடம் ஒரே ஒரு முறைதான் சொல்லியிருக்கிறாள். ஆனால் வீட்டுக்கு வர்ணம் அடித்தபோது அந்த அலமாரியை நகர்த்த விடவில்லை. "போதும், இன்னொருத்தர் முதுகும் போக வேணாம்" என்றாள். சுற்றிலும் வெள்ளை அடித்தார்கள். அலமாரிக்குப் பின்னால் இன்னும் பழைய பச்சைதான்.

இதை நான் அவளிடம் சொல்லமாட்டேன். நீ எழுத வேண்டிய கடிதம் இது. ஆனால் ரொம்ப நாள் மறைத்து வைக்கவும் எனக்குத் தெரியாது. பட்டரோடு கதவைச் சாத்திக்கொண்டதையே என்னால் மறைக்க முடியவில்லை.

அத்தான்


ஏப்ரல் 9

அத்தான்,

'மாப்பிள்ளை'ன்னு படிச்சப்ப சந்தோஷமா இருந்துச்சு. அடுத்த பக்கம் திருப்பினதும் போயிடுச்சு.

அலமாரி விஷயம் எனக்குத் தெரியும்.

தெரியாதுன்னுதான் எழுத ஆரம்பிச்சேன். அக்காகிட்ட முதல்ல முதுகுவலின்னு சொன்னப்ப அவதான் கேட்டா, "அன்னிக்கு அலமாரி தூக்கினதாலயாடா?"ன்னு. நான் தலையாட்டினேன். ஒரே ஒரு தடவை. காரணம் தேடிக்கிட்டிருந்தேன், கையில வந்து விழுந்துச்சு. ரெண்டு நாள்ல மறந்துடுவான்னு நினைச்சேன். அப்புறம் ஒவ்வொரு தடவை உங்க வீட்டுக்கு வந்தப்பவும் எனக்கு மட்டும் முதுகுக்கு ஒரு தலையணை எடுத்து வெப்பா. நான் அதுல சாய்ஞ்சுதான் உட்காருவேன்.

கை ஆடினது தப்பில்லை, அத்தான். அது வர்றது வந்துச்சு. தலையாட்டினதுதான் தப்பு.

எழுதறேன். எப்படி ஆரம்பிக்கிறதுன்னுதான் தெரியலை. நீங்க வீட்ல இருக்கிற நாளாப் பார்த்து வந்து சேர்ற மாதிரி போடறேன். அவ தனியா இருக்கும்போது படிக்க வேணாம்.


ஏப்ரல் 21

மாப்பிள்ளை,

உன் கடிதம் சனிக்கிழமை காலை வந்தது. நான் வீட்டில்தான் இருந்தேன். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

சமையலறையில் நின்றுகொண்டே பிரித்தாள். அடுப்பில் பால் இருந்தது. படித்துக்கொண்டே அடுப்பை அணைத்தாள். முதல் பக்கம், இரண்டாம் பக்கம், திரும்ப முதல் பக்கம். பிறகு என்னைப் பார்த்து, "அப்ப அவனுக்கு முதுகு வலிக்கவே இல்லையா?" என்றாள்.

"இல்லை" என்றேன்.

"ஒரு நாள்கூடவா?"

"கல்லு மாதிரி இருக்காம்."

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து அழுதாள். கோபத்தில் அழுதாள் என்று நான் நினைத்தேன். இல்லை. "நல்லவேளை" என்று இரண்டு மூன்று தடவை சொன்னாள். அவளுக்கு ஆறுதலாக இருந்திருக்கிறது, மாப்பிள்ளை. அதைப் பார்த்ததும்தான் எனக்கு உன்மேல் மறுபடியும் கோபம் வந்தது.

அவள் கோபம் மத்தியானத்துக்கு மேல் வந்தது. நன்றாக வந்தது. எனக்கும் பங்கு கிடைத்தது, ஒன்றரை மாதம் மறைத்ததற்காக. கை கழுவப் போன கதையையும் சொல்லிவிட்டேன். "என்கிட்ட சொல்ல உங்களுக்கு என்ன கேடு? தெருவுல போற டிரைவருக்குத் தெரியும், எனக்குத் தெரியாது" என்றாள்.

சாயங்காலம் மாடிக்குக் கூப்பிட்டாள். "பிடிங்க" என்றாள். இருவருமாக அலமாரியை நகர்த்தினோம். பின்னால் ஒரு ஆள் உயரத்துக்குப் பச்சை. மறுநாள் பக்கத்துத் தெரு வர்ணக்காரரை வரச் சொல்லிவிட்டாள்.

போன் எப்போது செய்வாள் என்று கேட்காதே. அவளுக்குத் தோன்றும்போது செய்வாள். நான் சொல்லிச் செய்ய வைத்தால் அது கணக்கில் வராது.

இந்த வாரம் ஒன்பது பேருக்குப் பல் எடுத்தேன். இரண்டு முறை பயம் எட்டிப் பார்த்தது. அது போய்விட்டது என்று சொல்லமாட்டேன். மருந்துக் கடைக்காரர் கை எப்படி என்று கேட்டார். "சில நேரம் பயப்படுது, வேலை செய்யுது" என்றேன். அதற்கப்புறம் அவர் கேட்கவில்லை.

அத்தான்


மே 3

அத்தான்,

சனிக்கிழமை சாயங்கால வகுப்புல எட்டுப் பேர். குட்டை அடிப் பாடம். வழக்கம்போல வாயால ஆரம்பிச்சேன். இடது மணிக்கட்டு தட்டை, முக்கோணம், எல்லாம். வங்கியிலேர்ந்து ஓய்வு பெற்ற ஒரு அம்மா வராங்க. எதையும் ரெண்டு தடவை சரிபார்க்காம விடமாட்டாங்க. "ஒரு தடவை அடிச்சுத்தான் காட்டுங்களேன்"னாங்க. எப்பவும் சொல்ற பதில் வாய்க்கு வந்துடுச்சு. அப்படியே நிறுத்திட்டேன்.

"எனக்கு ரெண்டடியில கை வெட்டும். அதனாலதான் ஆட்டத்தை விட்டேன்"னு சொல்லிட்டு, அவங்க மட்டையையே வாங்கிக்கிட்டேன். பதினொரு வருஷம் கழிச்சு ரெண்டடியில பந்து முன்னாடி நிக்கறேன். பேனாப் பிடி பிடிச்சேன். பத்துப் பந்து.

நாலு உள்ள போச்சு. ஆறு போகலை. மூணு தடவை வெட்டுச்சு, எல்லாரும் பார்த்தாங்க. யாரும் சிரிக்கலை. சிரிச்சிருந்தாலும் நின்னிருப்பேன்னு நினைக்கிறேன், உறுதியாச் சொல்ல முடியாது. அந்த அம்மா, "வெட்டினப்ப மூச்சை அடக்கிக்கிட்டீங்க, உள்ள போன நாலுலயும் விட்டீங்க"ன்னாங்க. எனக்கு இத்தனை வருஷத்துல ஒருத்தரும் சொல்லாத விஷயம் இது. யாருக்கும் காட்டலையே, எப்படிச் சொல்லுவாங்க. வகுப்பு முடிஞ்சும் மூணு பேர் போகலை, அவங்கவங்க கையைப் பத்திப் பேசிக்கிட்டே இருந்தாங்க.

நேத்து மத்தியானம் அக்கா போன் பண்ணினா. நீங்க கிளினிக்ல இருந்திருப்பீங்க. ஐம்பது நிமிஷம். முதல் நாற்பது நிமிஷம் அவதான் பேசினா. அதை இங்க எழுத முடியாது, தபால்காரர் நல்ல மனுஷன். தலையணையைப் பத்தி மட்டும் தனியா அஞ்சு நிமிஷம். நான் எல்லாத்துக்கும் ஆமா ஆமான்னேன்.

கடைசியா, "இப்பவும் கை ஆடுதா?"ன்னு கேட்டா.

"ஆடுது."

"ரொம்பவா?"

"தூரத்துலேர்ந்து பார்த்தாத் தெரியாது, அக்கா. பக்கத்துல நின்னு பார்த்தாத்தான் தெரியும்."

அவ சொன்னா, "ஞாயித்துக்கிழமை காலையில வரேன். பக்கத்துல நின்னு பார்க்கிறேன்."